சிரித்தோம், அழுதோம், அவளைக் கேட்டோமா?

கோட்டையிலே நடந்தவை ஏட்டில் ஏறின; கொட்டகையிலே நடந்தவை ஏறவில்லை. பாண்டியன் பட்டமேறிய ஆண்டைப் பாடமாகப் படிக்கிறோம். சோழன் கடல் கடந்ததை வரைபடம் போட்டு விளக்குகிறோம். ஆனால், நம் பாட்டியும் தாயும் தரையிலே அமர்ந்து, திரையிலே எதைக் கண்டு சிரித்தார்கள், எதைக் கண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள் என்று எழுதிவைத்தோமா? இல்லை. எழுதத்தக்கதென்று எண்ணவும் இல்லை.

எண்ணியிருக்க வேண்டும். ஒரு நாட்டு மக்கள் எவரைக் கண்டு நகைத்தனர் என்று அறிந்தால், எவரைத் தாழ்த்தி வைத்திருந்தனர் என்பது விளங்கும். எதைக் கண்டு அழுதனர் என்று அறிந்தால், எதனைப் புனிதமென்று பொத்தி வைத்திருந்தனர் என்பது புலனாகும். இவ்விரண்டையும் ஒரே முகத்தின் வழியாகக் காணும் வாய்ப்பு தமிழ்நாட்டுக்குக் கிட்டியது. அந்த முகத்துக்குரியவர் மனோரமா. 1958இல் திரைக்கு வந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, 2015ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் மறைந்தவர். அவருடைய நடிப்புக்கு மதிப்பெண் இடுவது நம் வேலை அன்று. அதைத் தமிழ்நாடு எப்போதோ இட்டுவிட்டது. அவரைக் கண்ட கண்களைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

இரண்டு படங்களை நினைவூட்டுவோம். ஒன்று ‘நடிகன்’, 1990. மற்றொன்று ‘சின்னத்தம்பி’, 1991. இரண்டையும் இயக்கியவர் பி. வாசு. இரண்டிலும் நாயகி குஷ்பு. இரண்டும் கொட்டகை நிறைய ஓடியவை. முதற்படத்திலே மனோரமா ஏற்ற பெண் ஒருவன்மீது ஆசை வைத்தாள். கொட்டகை குலுங்கக் குலுங்கச் சிரித்தது. அடுத்த படத்திலே அவர் ஏற்ற பெண்ணின் நெற்றியிலே வலிந்து பொட்டிட்டார்கள். கொட்டகை தேம்பித் தேம்பி அழுதது. சிரித்தவர்களும் அழுதவர்களும் அதே மக்கள். ஓராண்டுக்கும் இன்னோராண்டுக்கும் இடையே அவர்கள் மாறிவிடவில்லை. அப்படியானால் அந்தச் சிரிப்புக்கும் அந்த அழுகைக்கும் வேர் ஒன்றுதானா?

விடை காணச் சற்றுப் பின்னோக்கி நடப்போம்.

தமிழ்ப்படத்திலே சிரிக்கவைக்கும் பெண்ணுக்கு முதலில் தனிப்பெயர் கிடையாது, இணைப்பெயர்தான். என். எஸ். கிருஷ்ணன்–டி. ஏ. மதுரம், காளி என். ரத்தினம்–சி. டி. ராஜகாந்தம், தங்கவேலு–சரோஜா என்று ஆணின் பெயருக்குப் பின்னே பெண்ணின் பெயர் நடந்துவரும். கதை ஒருபுறம் ஓட, நகைச்சுவை மறுபுறம் தனித் தண்டவாளத்தில் ஓடும். அந்தத் தண்டவாளத்திலே பெண்ணுக்குரிய வேலை பெரும்பாலும் ஒன்றுதான்: கணவனோடு மல்லுக்கு நிற்பது. நாயகி நாணித் தலைகுனிவாள். நகைச்சுவைக்காரி நிமிர்ந்து பதில் சொல்வாள். பதில் சொல்லும் பெண் என்றாலே சிரிப்பு வரும் என்பது அந்நாளைய படமுதலாளிகளின் கணக்கு. கணக்கு பொய்க்கவில்லை என்பதுதான் வெட்கம்.

இருந்தாலும், மதுரத்தைத் தனியே நிறுத்திப் பார்க்க வேண்டும். கலைவாணர் சீர்திருத்தம் பேசுவார். மதுரம் மறித்துக் கேட்பார். வீட்டுப் பெண்ணின் ஐயங்களெல்லாம் மதுரத்தின் வாயாலே வெளிவரும். கேள்வி கேட்பவள் முட்டாளாக ஆக்கப்படவில்லை. கேட்டதனாலே சபைக்கும் தெளிவு பிறந்தது. 1944ஆம் ஆண்டின் இறுதியில் கலைவாணர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கிலே சிறைப்பட்டார். 1947இல்தான் விடுதலை பெற்றார். இடைப்பட்ட நாளிலே மதுரம் மூலையில் முடங்கவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமம் துணைநிற்க நாடகக் குழு நடந்தது. அக்குழுவின் நாடகமே ‘பைத்தியக்காரன்’ என்ற படமாகி 1947இல் வெளிவந்தது. கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினர். விடுதலையான கலைவாணரும் அதில் தோன்றினார்.

அந்தப் படம் எதைப் பேசிற்று? கைம்பெண் மறுமணத்தை! 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு கைம்பெண்ணுக்கு மணவுரிமையும் சொத்துரிமையும் வேண்டுமென்று முழங்கி முழுதாகப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டமோ 1856லேயே கைம்பெண் மணத்தை ஒப்புக்கொண்டது. சட்டம் ஒப்பியது, சாத்திரம் ஒப்பவில்லை. மாநாடு முழங்கியது, மாமியார் காதிலே விழவில்லை. விழவைக்கத்தான் படம் வந்தது. 1947ஆம் ஆண்டை வாசகர் மறவாதிருக்க வேண்டுகிறோம். மீண்டும் அங்கே வருவோம்.

மனோரமா பிறந்தது 1937இல், மன்னார்குடியிலே. இயற்பெயர் கோபிசாந்தா. தந்தை வீட்டிலே இடமற்றுப்போன தாய், கைக்குழந்தையோடு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்தார். பிறர் வீட்டிலே வேலைசெய்து பிழைத்தார். பிள்ளையின் படிப்பு பாதியிலே நின்றது. பன்னிரண்டு வயதளவிலே நாடகமேடை அழைத்துக்கொண்டது. எஸ். எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழுவிலே நடித்தார். அறிஞர் அண்ணாவோடும் கலைஞர் கருணாநிதியோடும் மேடையேறி நடித்தார். அங்கே அவர் பெரும்பாலும் கதாநாயகி. பந்தலின் கடைசி வரிசையிலே இருப்பவனுக்கு முகம் எங்கே தெரியும்? குரல்தான் போய்ச் சேரும். குரலிலே அவரை மிஞ்ச ஆளில்லை.

திரையிலே நிலை வேறு. 1958இல் கவிஞர் கண்ணதாசன் எடுத்த ‘மாலையிட்ட மங்கை’யிலே அவருக்குக் கிடைத்தது நகைச்சுவை வேடம். 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘கொஞ்சும் குமரி’யிலே நாயகியானார். ஆர். எஸ். மனோகர் உடன் நடித்தார். அதன்பின் நாயகி நாற்காலி அவருக்கு இல்லை. காரணம் திறமைக்குறைவா? அவரைவிடக் குறைந்த திறமையோடு பத்தாண்டு நாயகியாக உலவியவர்களை நாடறியும். நாயகி என்றால் நிறம் இப்படி, இடை இப்படி, இமை இப்படி என்று படமுதலாளி ஓர் அளவுகோல் வைத்திருந்தார். அதைப் பார்ப்பவர்களும் கைதட்டி ஒப்புக்கொண்டிருந்தனர். “ஆளைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது” என்று அவரைப் புகழ்ந்தவர்கள் உண்டு. புகழுரையென்று எண்ணித்தான் சொன்னார்கள்!

அந்த வேலிக்குள்ளே நின்றுகொண்டு அவர் செய்தது சிறிதன்று. 1967இல் பாலசந்தரின் ‘அனுபவி ராஜா அனுபவி’யிலே நாகேஷோடு சேர்ந்து தூத்துக்குடிக் கரையின் பேச்சைக் கொண்டுவந்தார். 1968இல் ‘பொம்மலாட்டம்’ படத்திலே சென்னைச் சேரித்தமிழிலே தாமே ஒரு பாட்டைப் பாடினார். பள்ளத்தூர்ப் பேச்சு, கோவைப் பேச்சு, மதுரைப் பேச்சு என்று எந்த ஊரின் நாக்கும் அவர் வாயிலே பிறந்ததுபோலப் புரண்டது. அதற்கு முன்பெல்லாம் திரையிலே ஏழை வாயைத் திறந்தால் எழுத்துத் தமிழ் கொட்டும். இல்லையேல் கேலிக்கென்றே திரித்த தமிழ் கொட்டும். மனோரமா பேசியபோது, அந்தந்த ஊர்க்காரன் “இது நம் வீட்டுப் பேச்சல்லவா” என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். கொச்சை என்று முகஞ்சுளித்தவர்களும் இருந்தார்கள். மேடையிலே அடுக்குமொழி கேட்டுப் பழகிய நம்மவரும் அவர்களிலே அடக்கம் என்பதை மறைப்பானேன்? உழைப்பவனுக்காகப் பேசுவோம், உழைப்பவன் பேசுவதுபோலப் பேசமாட்டோம் என்றால் அது என்ன நியாயம்?

அதே 1968இல்தான் ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்பு எழுதிய கதை, ஏ. பி. நாகராசன் இயக்கம். நாதசுரக் கலைஞராகச் சிவாஜி கணேசன், நாட்டியக் கலைஞராகப் பத்மினி. இருபெரும் கலைஞர்களுக்கு நடுவே ஜில் ஜில் ரமாமணி என்ற நாடகக்காரியாக மனோரமா. கதையிலே அவள் வருவது சிறிது நேரம். ஆனால் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஐம்பது ஆண்டுக்கு முன் பார்த்த முதியவரும் கதையின் போக்கை மறந்திருப்பார், ரமாமணியை மறந்திருக்கமாட்டார்.

ஏன்? அந்தக் கதையிலே பெரிய மனிதர்களெல்லாம் ஒருவரையொருவர் ஐயுறுகிறார்கள். சண்முகசுந்தரம் மோகனாவை ஐயுறுகிறான். மோகனாவின் தாய் சண்முகசுந்தரத்தை இகழ்கிறாள். பணக்காரர் எல்லாரும் மோகனாவை விலைபேசுகிறார்கள். ரமாமணி ஒருத்திதான் கள்ளமில்லாதவள். நாதசுரக்காரனைத் தெய்வமாக மதிக்கிறாள். அவன்மீது அன்பும் வைத்திருக்கிறாள். பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ‘கூத்தாடிச்சி’ என்று ஊர் ஏசிய ஒரு தொழிலின் பெண்ணை, கதையின் மிகத் தூய உள்ளமாகக் கொண்டுவந்து நிறுத்தியபோது, அதை நடித்தவரும் அதே தொழிலிலிருந்து வந்தவராக இருந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது இளக்காரச் சிரிப்பன்று. சிரித்து முடிந்ததும் அந்தப் பெண்மீது மதிப்பு மிஞ்சிற்று. மனோரமாவைக் கண்டு தமிழ்நாடு சிரித்த சிரிப்புகளிலே இதுவே உயர்ந்தது என்பது நம் கருத்து. ஆயினும் ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்வோம்: அவளுடைய அன்பு கேளாமல் நின்றதனாலேதான் மதிக்கப்பட்டது. கேட்டிருந்தால்?

குடும்பக் கதைகளுக்கு வருவோம். 1986இல் ஏவி.எம். நிறுவனம் தயாரித்து, விசு எழுதி இயக்கி நடித்த ‘சம்சாரம் அது மின்சாரம்’ வந்தது. நலம்பயக்கும் பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற முதல் தமிழ்ப்படம் அது. கூட்டுக் குடும்பம் ஒன்று. மூத்த மகனுக்கும் தந்தைக்கும் பணத்தின்பேரிலே சண்டை. வீட்டின் நடுவே கோடு கிழிக்கப்படுகிறது. இந்தப் பக்கம் தந்தை, அந்தப் பக்கம் மகன். அந்த வீட்டு வேலைக்காரி கண்ணம்மா, மனோரமா.

இப்படத்தைப் பார்த்தவர்களின் கருத்து இரண்டு இடத்திலே குவியும். ஒன்று முடிவு. லட்சுமி ஏற்ற மருமகள் உமா, பிளந்த குடும்பத்தை ஒட்டவைத்துவிட்டு, “இனி ஒன்றாயிருக்க வேண்டாம், தள்ளியிருந்தே அன்பாயிருப்போம்” என்ற கருத்தைச் சொல்லிப் பிரிந்துபோகிறாள். அதை ஏற்றவர்களும் உண்டு. குடும்பத்தை உடைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று சினந்தவர்களும் உண்டு. இன்றும் வாதாடுகிறார்கள். நல்லது, வாதாடட்டும். மற்றோர் இடம், வீட்டு மகளின் வாழ்வுச் சிக்கலைத் தீர்க்கக் கண்ணம்மா களத்தில் இறங்கி, சம்பந்தி வீட்டாரோடு வாய்ப்போர் நடத்தும் காட்சி. அதைப்பற்றி வாதமே கிடையாது. எல்லாருக்கும் பிடித்தது. படித்த ஆடவர்கள் விழித்துக்கொண்டு நிற்க, படியாத வேலைக்காரி தன் நாக்கு ஒன்றையே படைக்கலமாகக் கொண்டு காரியத்தை முடிக்கிறாள். பதில் சொல்லும் பெண்ணைக் கண்டு சிரித்த கொட்டகை, இங்கே பதில் சொல்லும் பெண்ணின் பக்கம் நின்று சிரித்தது. முப்பது நாற்பது ஆண்டுகளிலே நேர்ந்த மாற்றம் அது, மறுக்கமாட்டோம்.

ஆனாலும் நமக்கு ஒரு கேள்வி. கோடு கிழித்த வீட்டிலே கண்ணம்மா எந்தப் பக்கம்? இரு பக்கத்தையும் பெருக்குகிறவள் அவள்தானே! அண்ணாவின் ‘வேலைக்காரி’ 1949இல் படமாக வந்தபோது, வேலைக்காரி அமிர்தம் பணக்கார வீட்டு மருமகளானாள். அது கதைக்காரர் சாதித்திமிரின் கன்னத்திலே விட்ட அறை. 1986இன் வேலைக்காரி அந்த வீட்டின் மானத்தைக் காப்பாற்றிவிட்டு மீண்டும் அடுக்களைக்குத் திரும்புகிறாள். அவளுக்கு ஒரு வீடு உண்டா, வாசல் உண்டா, அவளுக்கென்று ஒரு சிக்கல் உண்டா என்று பார்த்தவர்கள் கேட்கவில்லை. வீட்டு வேலைசெய்து தம்மை வளர்த்த தாயைக் கண்ணெதிரே கண்டவர் மனோரமா. கண்ணம்மாவின் இடுப்புச் செருகலிலும் கையை வீசும் வீச்சிலும் அந்த உண்மை இருந்தது. கதையிலேதான் இடமில்லை.

இனி ‘நடிகன்’. தாயின் மருத்துவச் செலவுக்குப் பணம் வேண்டி, சத்யராஜ் ஏற்ற இளைஞன் கிழவனாக வேடமிட்டு, ஒரு செல்வர் வீட்டிலே இசை ஆசிரியனாக நுழைகிறான். அந்த வீட்டின் தலைவி பேபியம்மா, மணமாகாமலே நடுவயதைக் கடந்தவள், கண்டிப்புக்காரி. அந்தக் ‘கிழவன்’மீது அவளுக்குக் காதல் அரும்புகிறது. பூச்சூடுகிறாள், புன்னகைக்கிறாள், நாணுகிறாள். ஒவ்வோர் அசைவுக்கும் கொட்டகை வெடித்துச் சிரித்தது. நடித்த விதம் அப்படி, நாமும் சிரித்தவர்களே. இந்தச் சிரிப்பு தமிழ்நாட்டிலே முளைத்ததன்று. 1962இல் வந்த ‘புரொஃபஸர்’ என்ற இந்திப் படத்தின் தழுவல் இது. அங்கே சம்மி கபூர். அத்தையாக லலிதா பவார். இருபத்தெட்டு ஆண்டு கழித்து, வேறு மொழியிலே, வேறு நாட்டுப்புறத்திலே, அதே இடத்திலே அதே சிரிப்பு எழுந்தது என்றால், வேர் ஆழமாகத்தான் ஓடியிருக்க வேண்டும்.

எதைக் கண்டு சிரித்தோம்? கிழவேடம் போட்டவனின் தவிப்பைக் கண்டா? ஓரளவு ஆம். ஆனால் பாதிக்குமேல் சிரிப்பு, “இந்த வயதில் இவளுக்கு இது தேவையா?” என்பதிலே பிறந்தது. அதே ஆண்டுகளிலே ஐம்பதைத் தாண்டிய நாயகர்கள் இருபது வயதுப் பெண்களோடு பாட்டுப் பாடி ஓடினார்கள். கொட்டகை சிரிக்கவில்லை, விசிலடித்தது. ஆணின் காதலுக்கு வயதெல்லை கிடையாது. பெண்ணின் காதலுக்கு உண்டு. அவ்வெல்லையைத் தாண்டினால் தண்டனை சிரிப்பு. பேபியம்மாவின் காதல் கைகூடாது என்பது கதை தொடங்குமுன்பே சபைக்குத் தெரியும். ஏனெனில் அவள் விரும்பிய கிழவனே இல்லாத ஆள். விருப்பத்தை வெளியிட்ட பெண்ணுக்குக் கதை கொடுத்தது ஒரு பொய்த்தாடி.

அடுத்த ஆண்டு ‘சின்னத்தம்பி’. தாலியென்றால் என்னவென்றே அறியாத வெகுளி நாயகன். அவன் கையாலே தாலி ஏறிவிடுகிறது. பொருளறியாமல் கட்டினாலும் கட்டியது கட்டியதே என்று கதை சாதிக்கிறது. அந்த ஆராய்ச்சி தனியே ஒரு கட்டுரைக்கு ஆகும். நமக்கு வேண்டியது அவன் தாய் கண்ணம்மா. மீண்டும் அதே பெயர்! இவள் வெள்ளைச்சேலைக் கைம்பெண். நாயகியின் உடன்பிறந்த பண்ணையார்கள், ஓடிப்போன மகன் இருக்குமிடத்தைச் சொல்லவேண்டுமென்று அவளை வதைக்கிறார்கள். எப்படி? அடித்தது போதவில்லை. ஊரறிய, அவளுடைய வெள்ளையின்மீது வண்ணத்தை இறைத்து, பொட்டும் வளையலும் வலிந்து அணிவித்து அவமானப்படுத்துகிறார்கள்.

அக்காட்சியிலே மனோரமாவின் முகத்தைக் கண்டவர் மறக்கமாட்டார். நூற்றுக்கணக்கான படங்களிலே சிரிக்கவைத்த முகம் அச்சத்தாலே கோணிற்று. கொட்டகை ஒருசேர அழுதது. அழுதவர்களை நாம் இகழவில்லை. ஆனால் காட்சியைச் சற்று உரித்துப் பார்ப்போம். அங்கே ஆயுதம் எது? வண்ணம். பொட்டு. வளையல். வண்ணமே ஆயுதமென்றால், வெள்ளையே மானம் என்றாகிறது. கைம்பெண்ணின் நெற்றியில் பொட்டேறுவது அவளுடைய கற்புக்கு இழைத்த கொடுமை என்று சபை ஒப்புக்கொண்டால்தான் அந்தக் காட்சி அழவைக்கும். சபை ஒப்புக்கொண்டது. 1947இல் ‘பைத்தியக்காரன்’, கைம்பெண்ணுக்கு மீண்டும் மணமாலை சூட்டலாமென்று வாதாடிற்று. நாற்பத்துநான்கு ஆண்டு கழிந்து, ஒரு பொட்டையே பழியென்று காட்டிற்று ‘சின்னத்தம்பி’. காலம் முன்னோக்கி ஓடியதாகத்தான் நாட்காட்டி சொல்கிறது!

தோழர் சிலர் நம்மோடு மாறுபட்டனர். “மக்கள் அழுதது பொட்டுக்காக அன்று; ஒரு முதிய பெண்ணை நாலுபேர் சேர்ந்து வதைத்த கொடுமைக்காக” என்றனர். பாதி உண்மை. வலிந்து செய்வது எதுவாயினும் கொடுமைதான். பண்ணையார்கள் செய்தது மறுமணச் சீர்திருத்தமன்று, வன்கொடுமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு காட்சியை நினைத்துப் பார்க்கச் சொன்னோம். கணவன் இறந்த பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ, உறவுப் பெண்கள் சூழ்ந்துகொண்டு, ஒரு பெண்ணின் வளையலை உடைத்து, பூவைப் பறித்து, பொட்டை அழிக்கிறார்களே. அதுவும் நாலுபேர் சேர்ந்து செய்வதுதானே? அதுவும் அவளைக் கேளாமல் செய்வதுதானே? அதற்குச் சடங்கு என்று பெயர். அழித்தபோதும் அவள் விருப்பத்தைக் கேட்கவில்லை, இட்டபோதும் கேட்கவில்லை. முதலாவதை ஊர் செய்தது, ஊர் ஏற்றது. இரண்டாவதைக் கொடியவன் செய்தான், கொட்டகை அழுதது.

எங்கள் ஊரிலே, இளவயதிலே கணவனை இழந்த மூதாட்டி ஒருவரிடம் இப்படத்தைப்பற்றிக் கேட்டோம். ஆம், பார்த்தேன், அழுதேன் என்றார். எதற்காக அழுதீர்கள் ஆயா என்றோம். கண்ணம்மாவுக்காக என்று சொல்லவில்லை. தம் கையிலிருந்த வளையலை உடைத்த நாள் நினைவுக்கு வந்தது என்றார். கொட்டகையின் பெண்கள் பகுதியிலே அன்று விழுந்த கண்ணீரெல்லாம் ஒரே கண்ணீர் என்று முடிவுகட்டிய விமரிசகர்கள், பெண்களிடம் கேட்டிருக்கலாம். வெள்ளை கெட்டதே என்று அழுதவரும் உண்டு. வெள்ளை வந்ததே என்று அழுதவரும் உண்டு. இயக்குநர் எண்ணியது முதற்கண்ணீரை. நடிகையின் முகம் வரவழைத்தது இரண்டாவதையும். மனோரமாவின் திறமைக்கு இதைவிடப் பெரிய சான்று நமக்குத் தெரியவில்லை. விருதுகள் வந்தன, 1989இல் வந்த ‘புதிய பாதை’க்குத் தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ. (கெடுத்தவனையே தேடி மணந்து திருத்துகிறாள் ஒருத்தி என்பது ‘புதிய பாதை’யின் கதை. அதன் நீதியை வேறோரிடத்தில் வைத்துக்கொள்வோம்.)

அந்த ஆண்டுகளிலே தாய் வேடங்கள் வரிசைகட்டின. 1989இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்து வளர்ப்புத் தாய் முனியம்மா சிரிக்கவைத்தாள். 1992இல் ‘சின்னக் கவுண்டர்’ தாய் எடுப்புப் பல்லோடு வந்து சிரிக்கவும் அழவும் வைத்தாள். 1993இல் ‘ஜென்டில்மேன்’ தாய் மகனின் படிப்புக்காகத் தன் உயிரையே விட்டாள். வேடத்துக்கு வேடம் பேச்சு மாறிற்று, நடை மாறிற்று, ஒன்று மாறவில்லை. தனக்கென்று ஒன்றும் வேண்டாதவள்தான் நல்ல தாய். வேண்டினால் பேபியம்மா; வேண்டாவிட்டால் கண்ணம்மா. இரண்டு பெட்டிகள், இரண்டிலும் அடைக்கப்பட்டவர் ஒருவர்.

திரைக்கு வெளியே ஒருமுறை அவர் தமக்கென்று ஒரு கருத்தைச் சொன்னார். 1996 தேர்தலிலே அ.தி.மு.க.வுக்காகப் பரப்புரை செய்து, ரஜினிகாந்தைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். பேசிய சொற்களை நாம் ஆதரிக்க வரவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்: ஆண்டுக்கணக்கிலே ஓயாது நடித்தவருக்குப் பட வாய்ப்புகள் வற்றின. 1997இல் ‘அருணாசலம்’ படத்திலே ரஜினிகாந்தே இடமளித்ததை மனோரமாவே நன்றியோடு சொல்லியிருக்கிறார். தேர்தல் மேடையிலே சினந்து பேசிய ஆண் நடிகர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய தொழில் இவ்வளவு விரைவாக வாடியதுண்டா?

அவருக்கு மக்கள் இட்ட பட்டங்கள் இரண்டு. ஒன்று ‘பொம்பளை சிவாஜி’. பெருமையாகத்தான் சொன்னார்கள்; ஆனால் பெண்ணின் உயரத்தை அளக்க ஆணைத்தான் கோலாகக் கொண்டார்கள். மற்றொன்று ‘ஆச்சி’. செட்டிநாட்டிலே மதிப்புக்குரிய பெண்ணை அழைக்கும் சொல். அதிலே ஒட்டுறவு இருக்கிறது, ஊர்மணம் இருக்கிறது. அந்தச் சொல் நமக்கும் பிடித்ததே. நாயகியர் கனவுக்கன்னியாயினர், இவர் உறவினராயினார். உறவினரிடம் நாம் உரிமையோடு எல்லாம் கேட்போம்: சிரிக்கவை என்போம், சோறு போடு என்போம், எனக்காக அழு என்போம். உனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்பதில்லை.

இப்போது கொட்டகைக்குப் போகாமலே பழைய படங்களைத் துண்டு துண்டாகக் கைப்பேசியிலே பார்க்கிறார்கள் இளைஞர்கள். சம்பந்தி வீட்டிலே கண்ணம்மா வாதாடும் துண்டு சுற்றுகிறது, ஜில் ஜில் ரமாமணி சுற்றுகிறாள், பேபியம்மாவும் சுற்றுகிறாள். வெள்ளைச்சேலைமீது வண்ணம் இறைக்கும் காட்சியை அனுப்பிக்கொள்வோரை நாம் அதிகம் காணவில்லை. நம் மன்றத்திலே சென்ற திங்கள் ‘நடிகன்’ படத்தைத் திரையிட்டோம். பேபியம்மா பூச்சூடிக்கொண்டு வந்தபோது ஆடவர் பகுதி வழக்கம்போல் அதிர்ந்தது. பெண்கள் சிலர் சிரித்தனர், சிலர் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் அவர்களிலே ஒருத்தி எழுந்து, அந்தக் கிழவன் உண்மையான கிழவனாகவே இருந்திருந்தால் கதையை எப்படி முடித்திருப்பார்கள் என்று கேட்டாள். இரவு பத்தரை மணிவரை விவாதம் நடந்தது.